தூக்குத் தண்டனை வழக்கில் எதிரிக்காக வாதாடுவது: கேள்வி பதில்

(மரண தண்டனையை எதிர்த்து, செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து கருணை மனு வரை வழக்கு நடத்தும் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார். தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கப்படி, குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே குறிப்பிடுகிறார்.)

சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி: இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? தனிப் பட்டயம் ஏதும் உண்டா?

தனிப் பட்டயம் கிடையாது. சாதாரணக் கொலை வழக்கை முதல் சாட்சியிலிருந்து கடைசி சாட்சி வரை நடத்தத் தெரிந்தவர்தான் தூக்கு வழக்கையும் நடத்த முடியும். பிரேதப் பரிசோதனைச் சான்றிதழை வரி வரியாக வாசிக்கப் பழகுங்கள். கைப்பற்றிய பொருள் எத்தனை கை மாறி, எந்தத் தேதியில் ஆய்வகம் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு வழக்கிலும் ஒரு தாளில் குறித்துப் பழகுங்கள்.

சட்ட உதவி வழியாக இந்த வழக்குகள் வேண்டுமென்றால் அனோகிலால் தீர்ப்பை (2019) மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயுளோ தூக்கோ விழக்கூடிய வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்கிறது அது. அந்த 10 ஆண்டை ஒரு நல்ல சீனியரிடம் கழியுங்கள். தூக்கு எப்போது விதிக்கலாம் என்று வரையறுத்த பச்சன் சிங் தீர்ப்பை (1980) முழுதாகப் படியுங்கள். நீதிபதி பகவதி 1982-இல் தந்த மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்து. சுருக்கக் குறிப்பு உதவாது.

இளம் வழக்கறிஞர், தருமபுரி: குற்றவாளி என்று தீர்ப்பு வாசித்த கையோடு ‘தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்’ என்று கேட்கிறார்கள். அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

இன்று வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, அவகாசம் கேட்டு மனு போடுவது. எழுத்தில். வாய்மொழியாகக் கேட்டால் அது பதிவேட்டில் ஏறாது. மேல்முறையீட்டில் ‘அவகாசம் கேட்கவே இல்லை’ என்பார்கள். பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 258(2) தண்டனை குறித்துத் தனியாகக் கேட்கச் சொல்கிறது. மனோஜ் தீர்ப்பு (மே 2022) அந்த விசாரணைக்கு உள்ளடக்கம் தந்தது. ஆகவே மனுவில் மூன்று அறிக்கைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிறைக் கண்காணிப்பாளரிடமிருந்து நடத்தை அறிக்கை. நன்னடத்தை அலுவலரிடமிருந்து குடும்ப, சமூகப் பின்னணி அறிக்கை. மனநல மருத்துவர், உளவியலாளர் இருவரின் மதிப்பீடு. இவற்றைத் திரட்டித் தரும் கடமை அரசுத் தரப்புக்கும் உண்டு என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

மனு போடாவிட்டால் என்ன ஆகும்? பழைய தீர்ப்பு எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘எதிரியிடம் தண்டனை குறித்துக் கேட்டபோது, வயதான பெற்றோர் இருப்பதாகவும் குறைந்த தண்டனை வழங்கும்படியும் கூறினார்.’ இரண்டு வரி. ஒரு மனிதன் 25 ஆண்டு வாழ்ந்ததற்கு நீதிமன்றத்தின் முன் இருக்கும் ஆவணம் அவ்வளவுதான். உயர் நீதிமன்றத்திலும் டெல்லியிலும் எவ்வளவு பெரிய வழக்கறிஞர் நின்றாலும் அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

நீங்களாகவும் சேகரியுங்கள். ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல், மாற்றுச் சான்றிதழ், அரசு மருத்துவமனைப் பழைய சீட்டுகள், தலையில் அடிபட்டிருந்தால் அந்த ஸ்கேன், ரேஷன் அட்டை, ஊரில் மூன்று நான்கு பேரின் சத்தியப்பிரமாண வாக்குமூலம். ஆசிரியர், வேலை கொடுத்தவர், அண்டை வீட்டார் என்று வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். மனைவி, தாய் இருவரின் வாக்குமூலத்தோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

சிறை ஆவணத்தின் பலத்துக்குக் கடலூர் மாவட்டத்து வழக்கைப் பாருங்கள். 2009-இல் 7 வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை தூக்கு உறுதியானது. சீராய்வில் (அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மறுபடி பார்ப்பது), மார்ச் 2023-இல், எந்த நீதிமன்றமும் தணிக்கும் காரணிகளை, அதாவது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் வாழ்க்கை விவரங்களை, ஆராயவே இல்லை என்று கண்டு, தண்டனைக் குறைப்பே இல்லாமல் குறைந்தது 20 ஆண்டு ஆயுள் என்று மாற்றினார்கள். அவர் சிறையிலிருந்தபடி கேட்டரிங் டிப்ளமோ முடித்தது அங்கே பேசியது. சிறை நடத்தை பற்றிய விவரத்தைக் காவல் துறை மறைத்ததற்கு நீதிமன்றம் நோட்டீஸும் அனுப்பியது. அந்தக் காகிதம் கடைசியில்தான் வந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

வாசகர்: ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானே? வெளியே வந்து மறுபடி செய்ய மாட்டானா?

இல்லை. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. கோபால் கோட்சே வழக்கில் 1961-இலேயே சொல்லிவிட்டார்கள். கொலை போன்ற குற்றங்களில் 14 ஆண்டு முடியும் முன் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். 14 ஆண்டு ஆனதும் கதவு தானாகத் திறக்காது.

ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர்: நேராகவே கேட்கிறேன். விசாரணை முழுக்க ‘என் கட்சிக்காரர் செய்யவில்லை’ என்கிறீர்கள். தீர்ப்பு வந்ததும் ‘ஏழ்மையில் வளர்ந்தார், அதனால் இரக்கம் காட்டுங்கள்’ என்கிறீர்கள். இரண்டு நாக்கு இல்லையா? தணிப்பு அறிக்கை என்பது காசு கொடுத்து எழுதிய கதைதானே?

இரண்டு கட்டமாகப் பிரித்தது சட்டம், ஐயா. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். முதல் கட்டத்தில் கேள்வி ‘செய்தாரா’. இரண்டாவதில் ‘இந்த மனிதரை உயிரோடு விடலாமா’. இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதில் போதாது.

ஆனால் நீங்கள் சொல்லும் ஆபத்து நிஜம், இளையவர்கள் கவனிக்க வேண்டும். தணிப்பு மனுவின் முதல் பத்தியிலேயே ‘மேல்முறையீட்டு உரிமைக்குப் பங்கமின்றி’ என்று எழுதுங்கள். குற்றத்தை மறுத்த எதிரிக்காக ‘செய்த தவறுக்கு வருந்துகிறார்’ என்று எழுதவே எழுதாதீர்கள். பழைய மனுவிலிருந்து ஜூனியர்கள் அந்த வரியை அப்படியே நகலெடுத்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அதையே ஒப்புதலாகக் காட்டும்.

கதை என்றீர்கள். சேர்க்கைப் பதிவேடு கதை இல்லை. அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் ஓர் ஆவணமோ, பெயர் சொல்லும் ஓர் ஆளோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எதிர்ப்பது நியாயம்தான்.

அதே அரசு வழக்கறிஞர்: கொலையுண்ட குழந்தையின் தாய்க்கு எந்தப் பதிவேட்டைக் காட்டுவீர்கள்? கொடூரத்தைப் பார்த்துத்தானே தண்டனை?

அந்தத் தாயின் முன் எந்தப் பதிவேட்டையும் நீட்ட எனக்கு உரிமை இல்லை. அவர் துயரத்தைக் குறைத்து ஒரு வார்த்தை பேசுகிற வழக்கறிஞர் தூக்கு வழக்குக்கே லாயக்கற்றவர்.

ஆனால் ‘கொடூரத்தை மட்டும் பார்’ என்ற வாதம் நீதிமன்றத்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். ராவ்ஜி வழக்கில், குற்றத்தைத்தான் பார்க்க வேண்டும், குற்றவாளியை அல்ல என்றார்கள். 1996-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 2009-இல் பாரியார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே, ராவ்ஜி தீர்ப்பு பச்சன் சிங்குக்கு முரணானது, பின்பற்றத் தக்கதல்ல என்றது. மனிதர் போய் 13 ஆண்டு ஆகியிருந்தது. ராவ்ஜி தீர்ப்பை நம்பி அதே 2009-இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் 6 பேருக்குத் தூக்கு விதித்தார்கள். 2019-இல் அந்த வழக்கை மறுபடி திறந்து பார்த்த உச்ச நீதிமன்றம் 6 பேருமே குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நடுவில் ஒருவர் இளஞ்சிறார் என்பதும் தெரியவந்தது. அவர்களைத் தூக்கிலிட்டிருந்தால் அந்த 5 லட்சத்தை யாரிடம் கொடுப்பது?

இன்னொருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 30 ஆண்டு விடுதலையே இல்லாத ஆயுள் தூக்கைவிடக் கொடுமை. அதை வாங்கித் தருவதும் வெற்றியா?

ஷ்ரத்தானந்தா (2008) வழியாக வந்த தண்டனை அது. 2015-இல் அரசியல் சாசன அமர்வும் ஏற்றுக்கொண்டது. கடுமையானது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. விசாரணை நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும்தான். ஆகவே செஷன்ஸ் கோர்ட்டில் நீங்களே ‘30 ஆண்டு கொடுங்கள்’ என்று வாய் விடாதீர்கள். மேலே போகும்போது தூக்குக்கு மாற்றாக அதை முன்வைக்கலாம். உயிரோடு இருப்பவருக்குத்தான் வழக்கை மறுபடி திறக்க முடியும். மகாராஷ்டிரத்து 6 பேர் வெளியே நடந்து வந்தது அதனால்தான்.

(அரசு வழக்கறிஞரே, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள். இதை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.)

வாசகர்: சம்பவத்தின்போது எதிரிக்கு 18 ஆகவில்லை என்று குடும்பம் சொல்கிறது. உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகு எழுப்ப முடியுமா?

முடியும். சிறார் நீதிச் சட்டம் 9(2) எந்தக் கட்டத்திலும் அனுமதிக்கிறது. 94-ஆம் பிரிவின் வரிசை: பள்ளிப் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பள்ளிப் பதிவேட்டைத் தேடாமல் எலும்புப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். அது தோராயமான வயதைத்தான் சொல்லும். நம் ஊர்களில் பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதக் கணக்கில் தேதி போடும் வழக்கம் உண்டு. வயதைக் கூட்டி எழுதியிருந்தால் அது எதிரிக்குப் பாதகம். அப்போது படித்த எல்லாப் பள்ளிகளின் ஆவணங்களையும் ஒப்பிடுங்கள். 1994 சம்பவத்தில் தூக்கு விதிக்கப்பட்டு 28 ஆண்டு சிறையில் கிடந்த ஒருவர், அன்று 12 வயதுச் சிறுவன் என்று பள்ளிப் பதிவேடு நிரூபித்து 2023-இல் விடுதலையானார்.

வாசகர்: 14 வருஷத்தில் விட்டுவிடுகிறார்களே...

மேலே பதில் இருக்கிறது.

இளம் வழக்கறிஞர், மதுரை: சிறையில் முதல் ‘மனு’ (கட்சிக்காரருடன் நேர்காணல்) பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும்?

‘செய்தாயா’ என்று தொடங்காதீர்கள். காவலர் காது கேட்கும் தூரத்தில்தான் நிற்பார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரியின் சான்றொப்பம் பெற்று வாருங்கள். எந்தப் பள்ளி, எந்த வாத்தியார், எத்தனாவதில் நின்றது, எந்த வயதில் வேலைக்குப் போனது, உடம்பில் உள்ள தழும்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். ஒரே நாளில் எதுவும் வராது. நாலைந்து முறை போக வேண்டும். பீகார், ஒடிசாத் தொழிலாளி என்றால் அவர் மொழி தெரிந்தவரை அழைத்துச் செல்ல முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அரைகுறை இந்தியில் எடுத்த குறிப்பால் பயனில்லை.

வாசகர், கோலாலம்பூர்: சிங்கப்பூரில் போதைப்பொருள் வழக்கில் தூக்கு விழுந்தவருக்கு...

என் துறை அல்ல. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினாலே தூக்கு வரம்பு. அந்நாட்டு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும், உடனே.

வாசகர்: ராஜீவ் கொலை வழக்கில் அவர்களைக் காப்பாற்றியது என்ன? அரசியல்தானே?

அரசியலும் இருந்தது. சட்டத்தின் வழி இது: 1998-இல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு. 1999-இல் உச்ச நீதிமன்றத்தில் அது 4 ஆனது. ஒரே சாட்சியத்தை இரண்டு நீதிமன்றங்கள் எவ்வளவு வேறாகப் பார்த்தன என்று யோசியுங்கள். நளினிக்கு 2000-இல் ஆளுநர் வழியாகக் குறைந்தது. மற்ற மூவரின் கருணை மனு 11 ஆண்டு கிடந்தது. 2011 செப்டம்பர் 9 தூக்கு நாள் என்றிருந்தபோது ஆகஸ்ட் 30-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை தந்தது. ஜனவரி 2014-இல் சத்ருகன் சவுகான் தீர்ப்பு, கருணை மனுவில் விளக்கமில்லாத தாமதம் தண்டனையைக் குறைக்கப் போதிய காரணம் என்றது. அடுத்த மாதமே மூவருக்கும் ஆயுளானது. தாமதம் என்று வாதாடுபவர் தேதிப் பட்டியல் போட வேண்டும்: மனு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில்களோடு.

சகோதரி ஒருவர்: என் அண்ணனுக்கு உயர் நீதிமன்றம் தூக்கை உறுதி செய்துவிட்டது. எங்களிடம் பணமில்லை.

பணம் வேண்டாம், அம்மா. சிறையில் உள்ளவருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் உண்டு. அண்ணனை அங்கே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போக, தூக்கு வழக்கில் 60 நாள். அங்கும் தோற்றால் சீராய்வு மனுவுக்கு 30 நாள். தூக்கு வழக்கில் அதைக் குறைந்தது 3 நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்பார்கள். அதற்கும் பிறகு கருணை மனு: சிறை அதிகாரி தகவல் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் ஆளுநருக்கு, அவர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. சிறையில் கொடுக்கும் ஒற்றைப் பக்கப் படிவத்தில் ஆவணம் எதுவும் இணைக்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

வாசகர்: என் தம்பியின் கொலை வழக்கில் நாளை மறுநாள் தீர்ப்பு. வக்கீல் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

மேலே தருமபுரி வழக்கறிஞருக்குச் சொன்ன மனுவை உங்கள் வக்கீல் நாளையே தட்டச்சு செய்து வைக்கட்டும். விடுதலை என்று தீர்ப்பு வந்தால் கிழித்துப் போடலாம். நீங்கள் காலையில் தம்பி படித்த பள்ளிக்குப் போங்கள். சேர்க்கைப் பதிவேட்டு நகல் கேட்டுத் தலைமை ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, பெற்றுக்கொண்டதாக ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். நகல் அன்றே கிடைக்காவிட்டாலும் அந்தக் கையெழுத்துப் பிரதியை மனுவோடு இணைத்தால், அவகாசம் எதற்கு என்று நீதிபதிக்குத் தெரியும்.