திறமைக்கேற்ற பெயர் கிடைக்காத கிட்டாரிஸ்டுகள் என்று யாரைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் ரோரி கேலகர், ராய் புக்கனன், டேனி கேட்டன் என்று மூன்று பெயர்கள் முதலில் வந்து நிற்கும். மூவரும் அசுர வாசிப்புக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புக்கனனைப் பற்றி 1971-லேயே அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி எடுத்த படம், 'உலகத்துக்குத் தெரியாத தலைசிறந்த கிட்டாரிஸ்ட்' என்றுதான் அவரை அறிமுகப்படுத்தியது. கேட்டனுக்கு 1989-ல் ஒரு கிட்டார் பத்திரிகை தன் அட்டையிலேயே கிட்டத்தட்ட இதே பட்டத்தைச் சூட்டியது. ஆக, யாருக்கும் தெரியாதவர்கள் என்று சொல்லிச் சொல்லியே எல்லாருக்கும் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். அவர்களை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல நினைப்பது வேறொரு கூட்டத்தை. கிட்டார் வாசிப்பவரைப் பார்க்கும்போது நம் கண் இடது கையிலேயே இருக்கும். விரல் எப்படி ஓடுகிறது, எவ்வளவு வேகம், எந்த ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) வரை ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். தந்தியை அடிக்கிற வலது கையைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு பாட்டு ஆளை எழுந்து ஆட வைக்குமா, கொட்டாவி விட வைக்குமா என்பது அந்தக் கையில்தான் இருக்கிறது. புகழ் விஷயத்தில் அதிகம் ஏமாந்தவர்கள் இந்த வலது கைக்காரர்கள்தான் என்பது என் கட்சி. நானும் ரிதம், அதாவது பாட்டின் தாளநடையைத் தாங்குகிற கிட்டார், வாசிக்கிறவன். அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக்கேல் ஜாக்சனின் 1982 ஆல்பம் 'த்ரில்லர்' எல்லாருக்கும் தெரியும். அதில் 'பீட் இட்' பாட்டின் சோலோவை (தனி வாசிப்பை) வாசித்தது எட்டி வான் ஹேலன். காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார் என்கிற கதை வரை ரசிகர்களுக்கு மனப்பாடம். அதே பாட்டைத் தூக்கி நிறுத்துகிற ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) இருக்கிறதே, அதை வாசித்தது டோட்டோ குழுவின் ஸ்டீவ் லூகதர். இது கிட்டார் பைத்தியங்களுக்கு மட்டும் தெரியும். சரி, அதே ஆல்பத்தின் 'பில்லி ஜீன்' பாட்டில் கிட்டார் வாசித்தது யார்? டேவிட் வில்லியம்ஸ். பாட்டின் பின்பகுதியில் பாடல் வரிகள் ஓய்ந்ததும் தனியாகக் கேட்கும், துண்டு துண்டான, எந்தப் பூச்சும் இல்லாத அந்தக் கிட்டார் அவருடையது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறார் என்று கவனித்துக் கேளுங்கள். அந்த நிறுத்தலில்தான் துள்ளல் இருக்கிறது. ஜாக்சன் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009-ல் வில்லியம்ஸும் இறந்துபோனார். அந்தச் செய்தி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

டேவிட் வில்லியம்ஸ் மாதிரி வாசிப்பவர்களுக்கெல்லாம் மூலபுருஷர் ஒருவர் இருக்கிறார்: ஜிம்மி நோலன். ஜேம்ஸ் பிரவுன் குழுவின் கிட்டாரிஸ்ட். 1965-ல் வந்த 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டில் இவர் செய்ததைத்தான் பிறகு ஃபங்க் என்கிற ஆட்ட இசை முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. முறையைச் சொன்னால் எளிதாகத் தோன்றும். இடது கையால் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) பிடிக்க வேண்டும், ஆனால் ஃப்ரெட்டில் முழுசாக அழுத்தக் கூடாது. வலது கை பிரிட்ஜுக்கு (கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) பக்கத்தில் இடைவிடாமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அப்போது வெறும் 'சிக்குசிக்கு' சத்தம்தான் வரும். தேவையான இடத்தில் மட்டும் இடது கையைக் கணநேரம் அழுத்தி எடுத்தால், அந்தச் சுரண்டல் சத்தத்துக்கு நடுவே கார்டு மின்னி மறையும். கோழி மண்ணைக் கிளறுகிற சத்தம் மாதிரி இருப்பதால் இதற்கு 'சிக்கன் ஸ்க்ராட்ச்' என்று பெயர்.

செய்து பாருங்கள். இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சும். நோலன் இதை ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், பத்து நிமிடப் பாட்டென்றால் பத்து நிமிடமும் வாசிப்பார். அதைவிட முக்கியம், எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஜேம்ஸ் பிரவுன் குழுவில் டிரம்ஸ், பேஸ், பித்தளை வாத்தியங்கள் எல்லாமே தாள வாத்தியம் மாதிரிதான் இயங்கும். அந்த நெரிசலில் மற்றவர்கள் விட்ட இடைவெளியில் மட்டும் நுழைந்து வெளியே வருவார். நடுவில் கொஞ்ச காலம் பிரிந்து போனதைத் தவிர, 1983-ல் இறக்கும் வரை அந்தக் குழுவிலேயே இருந்தார். கிட்டாரைத் தொட்டவர்களில் பாதிப் பேர் தெரியாமலேயே அவரைக் காப்பியடிக்கிறார்கள்.

ஒரே குழுவில் இருந்தவர் என்றால் ஃப்ரெடி கிரீனை மிஞ்ச ஆளில்லை. கவுன்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் 1937-ல் சேர்ந்தார். 1987-ல் இறக்கும் வரை அங்கேதான். ஐம்பது வருடம்! பேஸி 1984-லேயே போய்விட்டார், கிரீன் அதற்குப் பிறகும் வாசித்தார். ஆம்ப் (ஒலிபெருக்கி) கிடையாது, சோலோ கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு தாளவட்டத்துக்கு நான்கு அடி, அவ்வளவுதான். தந்திகளை ஃப்ரெட் பலகையிலிருந்து மிக உயரத்தில் ஏற்றி வைத்திருப்பார். சாதாரண ஆள் அழுத்தினால் விரல் வலிக்கும். ஆனால் அப்போதுதான் ஓங்கி அடிக்க முடியும், அத்தனை பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே சத்தம் வெளியே வரும். அவரும் ஒரு காலத்தில் ஆம்ப் கொண்டுவந்து சோலோ வாசிக்க ஆரம்பித்தாராம். அவர் ரிதத்தை விட்டதும் குழுவே ஆட்டம் கண்டதால், சக கலைஞர்கள் ஒவ்வொரு நாளும் அந்த ஆம்பின் ஏதாவது ஒரு பாகத்தை ஒளித்து வைத்தார்களாம். இப்படியொரு பாராட்டு சோலோ வாசிக்கிற எந்த லீட் கிட்டாரிஸ்டுக்குக் கிடைத்திருக்கிறது?

அப்புறம், ஸ்டுடியோவில் கூலிக்கு வாசித்தவர்கள். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் அந்த முகப்பு இசையை வாயால் முணுமுணுக்காதவர் உண்டா? 1962-ல் அதை வாசித்தவர் விக் ஃப்ளிக் என்கிற ஆங்கிலேயர். கனமான தந்தி, பிரிட்ஜ் பக்கம் ஒட்டி, பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்) ஓங்கி ஒரு அடி. அந்த மிரட்டலான தொனி அந்தக் கையிலிருந்து வந்ததுதான். இசையமைத்தது மான்டி நார்மனா, அதற்கு உருவம் கொடுத்த ஜான் பேரியா என்று நீதிமன்றம் வரை சண்டை நடந்தது. வாசித்தவருக்கு அந்த ஒரு நாள் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. 2024-ல் இறந்தபோது பல செய்திகளில் அவர் பெயரை முதல்முறையாகப் படித்தவர்களே அதிகமாக இருந்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இதே தொழிலில் டாமி டெடெஸ்கோ. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பதிவான பாட்டு, டிவி இசை, சினிமா என்று எதைத் தொட்டாலும் இவர் இருப்பார். மாண்டலின், பூசூக்கி, யூகுலேலே என்று எந்தத் தந்தி வாத்தியத்தைக் கேட்டாலும் கொண்டுபோவார். ரகசியம் என்னவென்றால், அவற்றில் பலவற்றையும் கிட்டார் மாதிரியே ட்யூன் செய்துவிடுவார்! ஒரு பத்திரிகையில் தொடர் எழுதினார். எந்தப் பதிவுக்குப் போனேன், என்ன வாத்தியம், என்ன வாசித்தேன், எவ்வளவு சம்பளம் என்று பிட்டுப் பிட்டு வைப்பார். கலைஞன் என்கிற பம்மாத்தே இல்லாத மனிதர்.

ஜெர்ரி ரீடையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அவரை ஒரு நகைச்சுவை நடிகராகத்தான் நிறையப் பேருக்குத் தெரியும். 1967-ல் ரீடின் 'கிட்டார் மேன்' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பதிவு செய்ய முயன்றார். நாஷ்வில்லின் கைதேர்ந்த கிட்டாரிஸ்டுகள் இருந்தும் மூலப்பாட்டின் அந்தத் துடிப்பு வரவில்லை. கடைசியில் ரீடையே தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள், மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதரை. வந்து உட்கார்ந்தார், பாட்டு சரியாக அமைந்துவிட்டது. அவர் பிக்கை விட்டுவிட்டு விரல்களாலேயே வாசிப்பார், ட்யூனிங்கும் தனி. அதனால் மற்றவர்கள் ஸ்வரத்தைப் பிடித்தாலும் நடையைப் பிடிக்க முடியவில்லை.

இனி எலிசபெத் காட்டன். என் பட்டியலில் ஒருவரை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இவரைத்தான் வைத்துக்கொள்வேன். 1890-களில் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். இடது கைப் பழக்கம். அண்ணனுடைய வாத்தியத்தை அவர் இல்லாதபோது எடுத்து வாசித்துத்தான் ஆரம்பம். தந்திகளை மாற்றிக் கட்ட முடியாது, அண்ணனுக்குத் தெரிந்துவிடும். அதனால் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக் கற்றுக்கொண்டார். இதன் விளைவு என்ன தெரியுமா? சாதாரணமாகக் கட்டைவிரல் பேஸ் (கீழ்ஸ்தாயி) தந்திகளையும் மற்ற விரல்கள் மெலடியையும் பார்த்துக்கொள்ளும். இவருக்கு உல்டா. விரல்கள் பேஸ் வாசிக்கும், கட்டைவிரல் மெலடி வாசிக்கும். அதனால் அவர் மெலடியில் ஒரு தடிமனான, பேசுவது போன்ற குரல் வரும். எத்தனையோ பேர் வலது கையால் அதைப் போல வாசிக்கிறார்கள், ஸ்வரங்கள் வந்துவிடுகின்றன, அந்தக் குரல் வருவதில்லை.

பதின்வயதைத் தொடும்போதே 'ஃப்ரெய்ட் ட்ரெய்ன்' என்ற பாட்டைக் கட்டிவிட்டார். பிறகு தேவாலயத்தில் இந்தப் பாட்டெல்லாம் வேண்டாம் என்றதும் கிட்டாரைக் கீழே வைத்தவர், பல பத்தாண்டுகள் தொடவே இல்லை. வீட்டு வேலை செய்தே காலம் போனது. ஒரு கடையில் தொலைந்து நின்ற சிறுமியை அம்மாவிடம் கொண்டு சேர்த்தார். அந்தச் சிறுமி பெக்கி சீகர். அப்படித்தான் இசைக்குடும்பமான சீகர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் கிட்டார் தொங்கியது. மீண்டும் எடுத்தார். முதல் ஆல்பம் வந்தது 1958-ல், அறுபது வயதைத் தாண்டி. அதற்குள் 'ஃப்ரெய்ட் ட்ரெய்ன்' பெக்கி வழியாக இங்கிலாந்து போய், 1957-ல் வேறொரு குழு பாடி ஹிட் ஆகி, வேறு பெயர்களில் உரிமையும் பதிவாகியிருந்தது. சொந்தப் பாட்டுக்குத் தன் பெயரை வாங்க அவர் போராட வேண்டியிருந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு கிராமி விருது கொடுத்தார்கள். இதைப் 'பெயர் கிடைத்துவிட்டது' கணக்கில் சேர்ப்பதா? எனக்கு மனசு வரவில்லை.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பைப் பற்றி இப்போது ஓரளவு பேச ஆரம்பித்திருக்கிறார்கள். 1964-ல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், மேல்கோட்டு போட்டுக்கொண்டு எலக்ட்ரிக் கிட்டாரைப் பிய்த்து எடுக்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே, நாற்பதுகளிலேயே அதை வாசித்துக்கொண்டிருந்தவர். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தது 2018-ல். இறந்தது 1973-ல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

லானி ஜான்சனுக்கு அந்த அளவு வீடியோ அதிர்ஷ்டம்கூட இல்லை. இவர் சோலோவுக்குப் பெயர் போனவர், அதாவது இடது கை வித்தைக்காரர், என் கட்சிக்கு எதிரணி. ஆனாலும் விட முடியாது. கிட்டாரில் ஒற்றை ஸ்வரங்களாக சோலோ வாசிக்கலாம் என்பதை இருபதுகளிலேயே இசைத்தட்டில் காட்டியவர். 1927-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு பதிவு செய்திருக்கிறார். எடி லாங் என்ற வெள்ளையருடன் ஜோடி சேர்ந்து வாசித்தபோது, லாங் தன் பெயரை பிளைண்ட் வில்லி டன் என்று மாற்றிப் போட்டுக்கொண்டார். இரு இனத்தவர் சேர்ந்து வாசிப்பதை மறைக்க வேண்டியிருந்த காலம் அது. ஜான்சன் ஐம்பதுகளின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வானொலிக்காரர்தான் அவரைக் கண்டுபிடித்து மறுபடியும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

ஆங்கிலம் பேசாத உலகத்துக்கு வந்தால் அநியாயம் இன்னும் பெரிது. காங்கோவின் டாக்டர் நிக்கோ, முழுப்பெயர் நிக்கோ கசாண்டா. 1960-ல் விடுதலைப் பேச்சுவார்த்தையின்போது பிரஸ்ஸல்ஸில் பதிவான 'இன்டிபென்டன்ஸ் சா சா' ஆப்பிரிக்கா முழுக்க ஒலித்தது. அதில் கிட்டார் இவர். கூட ரிதம் வாசித்தது அண்ணன் டெஷோ. இந்த இருவரின் கிட்டார்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடுவதைக் கேட்டால், எது லீட், எது ரிதம் என்ற கேள்வியே அர்த்தமில்லாமல் போகும். ஆப்பிரிக்காவின் பாதி கிட்டார் மரபு இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1985-ல் நிக்கோ இறந்தபோது அவர் உச்சம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

பராகுவேயின் கிட்டாரிஸ்டும் இசையமைப்பாளருமான அகுஸ்டின் பாரியோஸ் பற்றிச் சுருக்கமாக: 1944-ல் எல் சால்வடாரில் இறந்தார், 1977-ல் கிளாசிக்கல் கிட்டாரிஸ்ட் ஜான் வில்லியம்ஸ் ஒரு ஆல்பம் முழுக்க இவர் படைப்புகளை வாசித்த பிறகுதான் உலக கிளாசிக்கல் மேடைகளில் இடம் வந்தது. இப்போது அவர் பெயருக்குக் குறைவில்லை. தாமதம்தான் குறை.

பிரிஜ் பூஷண் காப்ராவுக்கு அதுவும் நடக்கவில்லை. கிட்டாரை மடியில் படுக்கவைத்து, ஸ்லைடால் (தந்திமேல் வழுக்கிச் செல்லும் துண்டால்) இந்துஸ்தானி ராகம் வாசித்தவர். 1967-ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியாவுடன் இவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' ஆல்பத்தைக் கேட்டவர்கள் ஏராளம். சந்தூருக்கு ஒரு பெயர் தெரியும், புல்லாங்குழலுக்கு ஒரு பெயர் தெரியும். மூன்றாவது ஆள் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் ஏன் இல்லை, லென்னி ப்ரோ ஏன் இல்லை என்று கீழே சண்டைக்கு வருவீர்கள், தெரியும். இருவரையும் மதிக்கிறேன். ஆனால் கிட்டாரிஸ்டுகளுக்கு நடுவே அவர்கள் கடவுள்கள், அவர்களுக்காகப் பேச ஆள் இருக்கிறது. மால்கம் யங்கைச் சொல்லவில்லையே என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்குப் பதில் இல்லை. ஏசி/டிசி ராக் குழுவின் வலது கையாக இருந்தவர் அவர்தான், தம்பி ஆங்கஸ் மேடையில் பள்ளிச் சீருடையில் துள்ளிக் குதிக்கும்போது பின்னால் ஆம்ப் பக்கம் நின்று அடித்துக்கொண்டே இருப்பார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.