வயர் முதல் சர்வர் வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரே வைஃபையில் என் கைபேசி நன்றாக ஓடுகிறது. லேப்டாப்பில் மட்டும் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று வருகிறது. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டு அலுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: கைபேசி ஓடுகிறது என்றால் ரவுட்டரும் வெளி இணைப்பும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன. ரவுட்டரை விட்டுவிடுங்கள், லேப்டாப்பைப் பாருங்கள். கட்டளைத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடித்தால் லேப்டாப்பின் ஐபி முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியால் வெளியே போகவே முடியாது. ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, பிறகு ‘ஐபிகான்ஃபிக் /ரினியூ’ கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த வைஃபை பெயரை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்து இணையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி எத்தனை முகவரிகளைக் கொடுக்க அனுமதித்திருக்கிறது என்று பாருங்கள். 100 முதல் 149 வரை என்று இருந்தால் மொத்தம் 50தான். 51ஆவதாக வரும் கருவிக்கு ஒன்றும் கிடைக்காது.

முகவரி சரியாக இருந்தால் மூன்று பிங் போதும். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் ரவுட்டரின் முகவரிக்கு; ஐபிகான்ஃபிக் திரையில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று இருப்பது அதுதான். அடுத்து கூகுளின் பொது சர்வரான 8.8.8.8க்கு. கடைசியாக ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயருக்கு. முதலாவதிலேயே பதில் இல்லையென்றால் கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில். இரண்டாவதில் நின்றால் ரவுட்டருக்கு அப்பால். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் பிரச்சினை: ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ கொடுத்துவிட்டு, நெட்வொர்க் அமைப்பில் எப்போதோ யாரோ கையால் எழுதிவைத்த பழைய டிஎன்எஸ் முகவரி கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால் ‘தானாகப் பெறு’ என்று மாற்றுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைத்த கருவிகளும் உண்டு. பதில் வந்தால் பாதை இருக்கிறது என்பது உறுதி. வராவிட்டால் பாதை இல்லை என்பது உறுதியல்ல.

அலுவலக லேப்டாப் என்றால் இன்னொரு எச்சரிக்கை. உள்ளே, லாகினைச் சரிபார்க்கும் டொமைன் சர்வர் இருக்கும் இடத்தில், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 8.8.8.8ஐ இரண்டாவது டிஎன்எஸ்ஸாகச் சேர்க்காதீர்கள். உள் சர்வரின் பெயர் அதற்குத் தெரியாது. நெட் ஓடும், ஆனால் லாகின் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. காரணம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

கேள்வி: சிக்னல் எட்டாத அறைக்காக இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி இணைத்தோம். அன்றிலிருந்து சில கம்ப்யூட்டர்களில் பிரிண்டர் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. மறுநாள் தெரிந்தது தெரியாமல் போகிறது.

பதில்: வீட்டுக்கு இரண்டு தலைவர்கள். இரண்டு ரவுட்டர்களும் முகவரி வழங்கிக்கொண்டிருக்கின்றன. யார் முந்துகிறாரோ அவர் சொல்வதை அந்தக் கம்ப்யூட்டர் கேட்கிறது. ஒன்றுக்கு 192.168.1இல் முகவரி, இன்னொன்றுக்கு 192.168.0இல் முகவரி என்றால் இரண்டும் ஒரே வயரில் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காது. ஒரு லேப்டாப்பை இரண்டாவது ரவுட்டரில் மட்டும் செருகி, அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியை அணையுங்கள். அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரின் வரிசைக்குள், ஆனால் அது வழங்கும் பட்டியலுக்கு வெளியே வையுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால், இது 192.168.1.2 ஆகலாம். இரண்டையும் சேர்க்கும் கேபிளை இரண்டாவது ரவுட்டரில் லேன் துளையில் செருகுங்கள்; இணையம் நுழையும் தனித் துளை காலியாகவே இருக்கட்டும். பிறகு எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பழைய முகவரிகள் போய்விடும். பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுவதும் நல்லது.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் இணைப்பு. வைஃபையில் 200க்கு மேல் காட்டுகிறது. கேபிள் செருகினால் 94க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. கேபிள்தானே வேகம் என்பார்கள்?

பதில்: 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தகவலோடு ஒட்டிப்போகும் தலைப்புச் சுமைகளைக் கழித்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். உங்கள் கேபிள் கிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸில், இணையாமல் 100இல் இணைந்திருக்கிறது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு போதும். நீலமோ பழுப்போ, அதாவது 4, 5, 7, 8இல் ஒன்று அறுந்திருந்தாலும், பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் ஓடுவதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். வேகம் ஏறினால் பழைய கேபிளின் இரு முனைகளையும் வெட்டிப் புது கனெக்டர் அடிக்கலாம். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். புதிய கேபிளிலும் 94தான் என்றால் ரவுட்டரின் துளைகளே 100க்கு மட்டும் ஆனவையாக இருக்கலாம். வைஃபை வேகமாகவும் லேன் துளை மெதுவாகவும் உள்ள ரவுட்டர்கள் நிறைய உண்டு. கார்டின் அமைப்பில் ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்பதை எடுத்துவிட்டு வேகத்தைக் கையால் திணிக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு முனை மட்டும் பிடிவாதமாக நின்றால் மறுமுனை அரை டூப்ளெக்ஸில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் நிலையில், விழும். அப்புறம் 94ம் கிடைக்காது.

கேள்வி: 5 ஜிபி வீடியோ ஒன்றை 32 ஜிபி பென் டிரைவில் போட முடியவில்லை. இடம் இருக்கிறது, ஆனால் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்கிறது.

பதில்: பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய டிவியில் செருகிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் ‘டிஸ்கில் இடம் இல்லை’ என்று பிழை வந்தது. 40 ஜிபி லாக் ஃபைலை அழித்தேன். அழித்த பிறகும் ‘டிஎஃப் -எச்’ 100 சதவீதம் என்றே காட்டுகிறது. ‘டியூ’ கணக்கிலோ பாதிதான் வருகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ‘டியூ’ ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து, பெயருள்ள ஃபைல்களைக் கூட்டுகிறது. ‘டிஎஃப்’ ஃபைல் சிஸ்டத்திடமே டிஸ்கின் சிறு துண்டுகளான பிளாக்குகளில் எத்தனை செலவாகியிருக்கிறது என்று கேட்கிறது. நீங்கள் அழித்தது ஃபைலின் பெயரை. அதைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் கைவிடும் வரை பிளாக்குகள் திரும்பாது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (இரண்டாவது எல் பெரிய எழுத்து) என்று ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில், அடித்தால், பெயர் போயும் பிடிபட்டிருக்கும் ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் புரோகிராம்களும் வரிசையாக வரும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் அந்த நொடியே திரும்பும். இனிமேல் ஓடுகிற லாக் ஃபைலை அழிக்காதீர்கள். ‘ட்ரங்கேட் -எஸ் 0’ கொடுத்து உள்ளே இருப்பதைக் காலி செய்யுங்கள். அதற்கும் மேலாக, பழைய லாக்கைத் தானாகச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டைச் சரியாக அமைத்துவிட்டால் நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டியிருக்காது.

பட்டியலில் ஒன்றும் வரவில்லையென்றால் இன்னொரு இடத்தில் தேடுங்கள். ஒரு ஃபோல்டரின் மேல் வேறு டிஸ்கை மவுன்ட் செய்திருந்தால், அதாவது அந்த ஃபோல்டர் வழியே திறக்கும்படி இணைத்திருந்தால், மவுன்ட் ஆவதற்கு முன் அந்த ஃபோல்டரில் எழுதப்பட்டவை அடியில் மறைந்து கிடக்கும். பேக்கப் டிஸ்க் ஒருநாள் மவுன்ட் ஆகாமல் போய், அன்றைய பேக்கப் முழுவதும் இயங்குதளம் இருக்கும் ரூட் டிஸ்கில் கொட்டிவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ‘மவுன்ட் --பைண்ட்’ மூலம் ரூட் டிஸ்கை வேறொரு காலி ஃபோல்டரில் காட்டச் செய்தால் அடியில் இருப்பது தெரியும்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ‘டிஎஃப் -எச்’ தாராளமாக இடம் காட்டும். ஆனால் புது ஃபைல் உருவாகாது. ‘டிஎஃப் -ஐ’ அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் ஐநோட், அதாவது அதன் விவரங்களுக்கான பதிவு, வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4இல் அவற்றின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம். லட்சக்கணக்கில் குவியும் சின்னஞ்சிறு செஷன் ஃபைல்கள், அனுப்ப முடியாமல் தேங்கிய மெயில்கள் இவைதான் அதைத் தின்பவை. அந்த ஃபோல்டரில் ‘ஆர்எம்’ கட்டளையோடு நட்சத்திரக் குறி போட்டால் ‘பட்டியல் மிக நீளம்’ என்று மறுத்துவிடும். ‘ஃபைண்ட்’ கட்டளையோடு ‘-டிலீட்’ சேர்த்து, எத்தனை நாள் பழையவை என்றும் சொல்லி அழியுங்கள்.

இஎக்ஸ்டி4 ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்காக 5 சதவீதத்தை ஒதுக்கிவைக்கும். தகவல் மட்டும் வைக்கும் பெரிய டிஸ்க் என்றால் ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ கொடுத்து 1 சதவீதமாக்கலாம். இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில் அந்த ஒதுக்கீட்டில் கைவைக்க வேண்டாம். டிஸ்க் நிரம்பிய நாளில் உள்ளே போய்ச் சரிசெய்ய அதுதான் உதவும்.

கேள்வி: திடீரென்று முழு அலுவலகத்திலும் நெட்வொர்க் படுத்துவிட்டது. கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கின்றன. வைரஸா?

பதில்: அநேகமாக ஒரு கேபிள். அதன் இரண்டு முனைகளும் ஒரே சுவிட்சில், அல்லது ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சுவிட்சுகளில் போய்ச் செருகப்பட்டிருக்கும். மேசையில் சும்மா தொங்கிய கேபிளை யாரோ நல்லெண்ணத்தோடு சுவரில் செருகியிருப்பார். இரண்டு துளைகள் உள்ள ஐபி தொலைபேசியின் இரண்டையும் சுவரில் செருகினாலும் இதே கதிதான். எல்லோருக்கும் என்று அனுப்பும் பிராட்காஸ்ட், அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகும். ஐபி பாக்கெட் என்ற தகவல் துண்டுக்கு இருப்பதுபோல் ஆயுள் எண்ணிக்கை, கேபிளில் அதைச் சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு இல்லாததால் அது தானாகச் சாகாது.

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் பொழுது போய்விடும். நடு சுவிட்சிலிருந்து பிற சுவிட்சுகளுக்குப் போகும் இணைப்புகளில் பாதியைப் பிடுங்குங்கள். துடிப்பு அடங்கினால் வளையம் பிடுங்கிய பாதியில், அடங்காவிட்டால் மிச்சத்தில். மீண்டும் பாதி. எட்டு இணைப்புகள் என்றால் மூன்று முறையில் வந்துவிடும். பிறகு நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில், வளையத்தைக் கண்டு தானாக அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீயை இயக்கிவையுங்கள். சாதாரண மலிவு சுவிட்சுகளில் அது இருக்காது.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது.

பதில்: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கடிகாரப்படி அவை இன்னும் பிறக்கவே இல்லை. புதியது 3 வோல்ட் காட்டும், மீட்டரில் 2.7க்குக் கீழே போனதை மாற்றிவிடுங்கள். மின்வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அதற்கு முன், கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்புத் திரைகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகலாம். டிஸ்க் அமைப்பு ஏஎச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறினால் விண்டோஸ் கிளம்பாது. அப்போது விண்டோஸைத் திரும்ப நிறுவத் தேவையில்லை, படத்தில் இருந்தபடி மாற்றினால் போதும்.

கேள்வி: சில தளங்கள் நொடியில் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன. பிங் எல்லாவற்றுக்கும் சரியாக வருகிறது.

பதில்: சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை வழியில் விழுகின்றன. ரவுட்டரில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பு என்றால் 1500 பைட்டில் 8 அதற்கே போய் 1492தான் மிஞ்சும். ‘பிங் -எஃப் -எல் 1464’ என்று எழுதி, அதன் பின் 8.8.8.8 போடுங்கள். 1464ஓடு தலைப்புகளுக்கான 28 சேர்ந்தால் 1492. இது போய் 1472 போகாவிட்டால் ரவுட்டரில் பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவை 1492 ஆக்குங்கள். 1464கூடப் போகாவிட்டால் எண்ணைப் பத்துப் பத்தாகக் குறைத்து, போகிற எண்ணோடு 28ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப் மிக மந்தம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. ‘செக்டிஸ்க்’ ஓட்டலாமா?

பதில்: இப்போதே வேண்டாம். உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். அதன் பிறகு, டிஸ்க் தன் உடல்நலத்தைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அளவுகளைக் காட்டும் மென்பொருள் ஒன்றில் 5, 197, 198 ஆகிய வரிசைகளின் மூல எண்ணைப் பாருங்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அது நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் சாகிறது, மாற்ற வேண்டியதுதான். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், டேட்டா கேபிளோ அதன் இணைப்போ தளர்ந்திருக்கிறது. ‘செக்டிஸ்க் /ஆர்’ பரப்பு முழுவதையும் படிக்கும். நொந்த டிஸ்கை அது மணிக்கணக்கில் வதைக்கும். 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நலம்தான். ரேமைப் பாருங்கள்: 4 ஜிபியோடு பத்து டேப் திறந்தால் விண்டோஸ் டிஸ்கையே ரேமாகப் பயன்படுத்தும், 100 சதவீதம் அதனால் வரும். டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் மட்டும், காப்பி எடுக்கவும் முயலாமல் உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்பவரிடம் கொடுங்கள்.