துடைக்க முன் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அம்மம்மாவின் மூக்குப்பேணி (மூக்கு வைத்த பித்தளைக் குடிபாத்திரம்) கறுத்து, உள்ளே பச்சை பிடித்துக் கிடக்கிறது. பழப்புளி போட்டு மினுக்கலாமா? அதில் குடிக்கலாமா? எவ்வளவு பழையது என்று எப்படி அறிவது?
வாசகி, கொக்குவில்

மினுக்குவதற்கு முன் ஒருநாள் பொறுங்கள். பழப்புளியும் சாம்பலும் அழுக்கோடு பித்தளையையும் கொஞ்சம் எடுத்துவிடும். புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் ஒவ்வொரு மினுக்கலிலும் மழுங்கிக்கொண்டே போகும். இருட்டறைக்குள் பேணியை வைத்து, ரோர்ச் வெளிச்சம் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிறமாதிரிச் சரித்துப் பிடியுங்கள். நேரே பார்த்தால் தெரியாத எழுத்து, நிழல் விழுந்து எழும்பி வரும். அடியிலும் விளிம்பிலும் மூக்குக்குக் கீழேயும் தேடுங்கள். சீதனமாக வந்த பாத்திரம் என்றால் முதலெழுத்தாவது இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயர்க்காரர் யார், எப்போது கலியாணம் முடித்தார் என்று வீட்டு மூத்தவர்களைக் கேட்டால் வயது கிட்டத்தட்டப் பிடிபடும்.

பழைய வடிவ 'ணை', 'லை' இருக்கிறது என்பதற்காக நூறு வருசம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த எழுத்துகளை மாற்றிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றதே 1978இல்தான். இங்கே அதற்குப் பிறகும் பழைய எழுத்துப் புழங்கியது. மூக்கு உடலோடு சேரும் இடத்தையும் பாருங்கள். பற்றாசு, அதாவது உருக்கி ஒட்டிய உலோகம், இரண்டு நிறத்தில் தெரிந்தால் ஒருமுறை உடைந்து திருத்தப்பட்ட பேணி அது. அந்தத் தழும்பைத் தேய்க்க வேண்டாம்.

மூக்கு ஏன் வந்தது என்பதையும் யோசியுங்கள். வாய் படாமல் அண்ணாந்து குடிக்கத்தான். எச்சில் படக்கூடாது என்ற பழக்கம் அதில் இருக்கிறது. யாருக்குப் பேணி, யாருக்குச் சிரட்டை என்று வீடுகளிலும் கடைகளிலும் பிரித்துக் கொடுத்த சாதிக் கொடுமையும் அதே பழக்கத்தை ஒட்டியே நின்றது. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் சம உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. ஆகவே பேணியைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்கும்போது, 'இதில் குடிக்கத் தராமல் விட்டது யாருக்கு?' என்றும் கேளுங்கள். பதில் சங்கடமாக இருந்தாலும் எழுதி வையுங்கள்.

இனிப் பச்சை. அது களிம்பு, செம்பு ஈரத்தோடும் புளிப்போடும் சேர்ந்து உண்டாவது, வயிற்றுக்குக் கூடாது. வெளிறிய பச்சைத் தூள் துடைத்த பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் உப்பு உள்ளே இறங்கியிருக்கிறது. கடற்காற்றுப் படும் வீடுகளில் இது நடக்கும். அப்படிப்பட்டதை உலர்ந்த பெட்டிக்குள் தனியாக வையுங்கள். குடிக்கத்தான் வேண்டும் என்றால் உள்ளே ஈயம் பூசவேண்டும். பாத்திரத்தைச் சுத்தமாக்கிச் சூடாக்கி, நவச்சாரத் தூள் தூவி, வெள்ளீயத்தை உருகவிட்டுப் பஞ்சால் இழுத்துப் பூசுவார்கள். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். சூடு காணாவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும்; கூடினால் கறுத்துப் பிடிக்காமல் போகும். றேடியோ திருத்தும் பற்றாசுக் கம்பியைக் கொண்டு பூச ஒருபோதும் விடாதீர்கள், அதில் காரீயம் இருக்கும். பூசாத பேணியில் தேசிக்காய்த் தண்ணீரும் மோரும் வேண்டவே வேண்டாம். பெயர் வெட்டிய பேணி எங்களிடம் வந்தால் பூசாமல், மினுக்காமல் அப்படியே வைப்போம்.

ரெக்கோடிங் பாரில் பதிந்த முப்பது கசற்றுகள் பெட்டிக்குள் இருக்கின்றன. சிலதில் வெள்ளைப் பூஞ்சணம். கணினியில் ஏற்றுவது எப்படி?
வாசகர், பருத்தித்துறை

பாட்டை விட அட்டைதான் முதல். கடைக்குப் போய்ப் பட்டியல் கொடுத்து, ஒரு பக்கத்தில் எட்டோ ஒன்பதோ பாட்டு என்று பதிவித்த காலம் அது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பது ஒரு மனிதரின் தெரிவு. அந்த வரிசை வேறெங்கும் கிடைக்காது. அட்டையின் இரண்டு பக்கத்தையும், கடை முத்திரையையும், கசற்றின் மேல் எழுதியதையும் படமெடுத்து ஒரே இலக்கம் கொடுங்கள்.

அடுத்து, கசற்றின் பின் விளிம்பில் உள்ள இரண்டு சிறு காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் அழியாது.

பூஞ்சணம் பிடித்ததை உடனே போட வேண்டாம். தூள், ரேப்பிலிருந்து சத்தத்தை எடுக்கும் ஹெட்டில் ஒட்டி மற்றக் கசற்றுகளுக்கும் போகும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டிக்குள் இரண்டு கிழமை வையுங்கள். பிறகு முகக்கவசம் போட்டு வெளியில் இருந்து, ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, ரேப் சுருளின் விளிம்பை மென்மையான தூரிகையால் தட்டி, வேறு சுத்தமான கூட்டுக்குள் மாற்றுங்கள். நடுவில் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கிப்போகும். பயனில்லாத கசற்றிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தால் சரி.

ஓட விடுவதற்கு முன் கடைசிவரை ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள். பல வருசம் ஒரே நிலையில் கிடந்த சுருள் இறுகியிருக்கும். சீ-120 கசற்றில் ரேப் மிக மெல்லியது, இழுபடும். அதை விரைந்து சுற்ற வேண்டாம். ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். இறப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். பாட்டில் 'ச', 'ஸ' எல்லாம் மங்கிக் கேட்டால், ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். வேறு மெஷினில் பதிந்த கசற் ஒவ்வொன்றுக்கும் இது கொஞ்சம் மாறும்.

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைற் பிடிக்கும். சத்தம் உச்சத்திலும் பூச்சியத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்கட்டும். பாட்டுப் பாட்டாக வெட்டாமல் ஒரு பக்கத்தை முழுதாக எடுங்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் ஓட விடுங்கள். பழைய பதிவின் வால், வானொலிச் செய்தித் துண்டு, வீட்டில் யாரோ கதைத்தது எல்லாம் அங்கேதான் கிடக்கும். இரைச்சல் நீக்குவதென்றால் பிரதியில் மட்டும்.

பாடசாலைக் கண்காட்சிக்கு ஜாம் போத்தல் விளக்கும் டைனமோ றேடியோவும் செய்து காட்ட வேண்டும்.
ஆசிரியை, சாவகச்சேரி

1990 ஜூனில் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. பற்றரி தடைப்பட்ட பொருள். அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்தவை இரண்டும்.

விளக்குக்கு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது குடிக்கும் அளவு மட்டும் சில கரண்டி எண்ணெய், போத்தல் வாயில் கொழுவிய மெல்லிய கம்பியில் நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. பஞ்சு பிடித்துவைப்பதால் சரிந்தாலும் ஊற்றாது. திரி நீண்டால் கரி கக்கும். சூடான போத்தலில் ஈரத்துணி பட்டால் வெடிக்கும். வகுப்புக்குள் கொளுத்தாமல், முற்றத்தில் மணல்வாளி பக்கத்தில் வைத்து நீங்களே கொளுத்திக் காட்டுங்கள். பெற்றோல் கலந்த எண்ணெய் கூடவே கூடாது.

சைக்கிளைக் கவிழ்த்து மிதியைக் கையால் சுற்றினால் டைனமோ 6 வோல்ற், 3 வாற் தரும். அது ஆடலோட்டம் (ஏ.சி.). நான்கு டயோட்டைப் பாலமாக இணைத்து, பெரிய கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றைக் குறுக்கே போட்டால்தான் றேடியோ இரையாமல் பாடும். விரைந்து சுற்றினால் வோல்ற் எகிறி றேடியோ எரியும், அதனால் முதலில் மானி வைத்து அளந்து பழகட்டும். ஒருவர் சுற்ற ஒருவர் கேட்க என்று மாணவரை மாற்றி மாற்றி விடுங்கள். பத்து நிமிசச் செய்திக்கு எவ்வளவு கை உளைந்தது என்று அவர்களே எழுதட்டும்.

சதுர 5 சதம் ஒல்லாந்தர் காசா? இலட்சம் போகுமா?
வாசகர், மானிப்பாய்

இல்லை. மூலை மழுங்கிய சதுர 5 சதம் 1909இலிருந்து பிரித்தானியர் காலத்தில் வந்தது, ஏராளமாக அடித்தார்கள். ஒல்லாந்தர் இங்கே ஆண்டது 1658 முதல் 1795 வரை. அவர்களின் செப்புக்காசில் வீ, ஓ, சீ மூன்றும் பின்னிய கம்பனி முத்திரை இருக்கும். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் இருந்தால் அது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. தேசிக்காய் போட்டுத் தேய்க்காதீர்கள். மண்ணிலிருந்து கிளம்பிய காசென்றால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி தொல்லியல் திணைக்களத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

காணிக்குப் புது உறுதி (பத்திரம்) எழுதியாயிற்று. பழையதை எறியலாமா?
வாசகர், நல்லூர்

எறிய வேண்டாம். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்ற சொற்களை அதில் தேடுங்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தாக்குவித்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்கச் சட்டம் உங்கள் வீட்டுக் கடதாசியில் உயிரோடு நிற்கிறது. பரப்புக்குப் பக்கத்தில் 'வரகு' என்று வந்தால், விதைக்கும் தானியத்தைக் கொண்டு நிலம் அளந்த காலத்துச் சொல் அது. அந்தக் கணக்கில் 18 குழி 1 பரப்பு, 16 பரப்பு 1 ஏக்கர். காணியின் பெயர், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால், நான்கு எல்லைக்காரரின் பெயர்கள் எல்லாவற்றையும் தனித்தாளில் பெயர்த்தெழுதுங்கள். இன்றைய அயலோடு ஒப்பிட்டால் ஒழுங்கையில் யார் போனார், யார் வந்தார் என்பது தெரியும்.

லமினேற் செய்யாதீர்கள், சூட்டில் உருகிய பிளாஸ்ரிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செலோரேப் சில வருசத்தில் மஞ்சளித்து மையையும் இழுக்கும். மடிப்பை மெல்ல விரித்து, முத்திரை தெரிய இரண்டு பக்கமும் படமெடுத்து, அமிலமில்லாத் தாளுறைக்குள் தட்டையாக வையுங்கள்.