பன்னிரண்டரை அடி வீட்டில் காற்றுக்கு வழி

கேள்வி: வணக்கம் ஐயா. ரங்கூன் காளி கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் ஒரு ஹால் டைப் வீடு வாங்கியிருக்கிறோம். அகலம் 12½ அடி, நீளம் 50 அடி. தெருப்பக்கம் மேற்கு. உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. நடுவில் பட்டப்பகலிலேயே இருட்டு. தெருப்பக்கச் சுவரில் ஓதம். நான், வீட்டுக்காரர், மாமியார், பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், ஒன்பது வயது மகன் என்று ஐந்து பேர். வீட்டுக்காரர் ஜிப்சம் சீலிங், எல் வடிவ சோபா என்று தினமும் போனில் படம் காட்டுகிறார். அழகாகவும் இருக்க வேண்டும், ஐந்து பேர் புழங்கவும் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று: பேப்பரும் பாலும் மேலே இழுக்கப் பால்கனியில் இருந்து தெருவுக்குத் தொங்கவிட்ட மணிக்கயிறு அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார் அவர். மாமியார் கூடவே கூடாது என்கிறார்.

பதில்: வணக்கம் அம்மா. தச்சரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மத்தியான நேரத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கையில் ஒரு செய்தித்தாளோடு தெருப்பக்க ஜன்னலில் இருந்து பின்பக்கமாக மெல்ல நடந்து வாருங்கள். எந்த இடத்தில் எழுத்து மங்குகிறதோ அங்கே தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அதேபோல அடுப்படி ஜன்னலில் இருந்து முன்னால் வந்து இன்னொரு கோடு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடியோ, அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே வரும். ஏழடி என்றால் 15, 17 அடி. பின்பக்கம் சந்து குறுகல் என்பதால் அங்கே ஏழெட்டு அடி கிடைத்தாலே அதிகம். மீதி நடுவில் கிடக்கும் இருபத்தைந்து அடி இருட்டுதான். எத்தனை வெள்ளைச் சாயம் பூசினாலும் அது பகலாகாது.

அந்த இருட்டோடு மல்லுக்கட்டாமல் தூங்கும் இடத்தை அங்கே வையுங்கள். படிப்பு, பூஜை, காய்கறி நறுக்குவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் கோடுகளுக்கு ஜன்னல் பக்கம். கணக்கு இப்படி வரும்: பால்கனி 3 அடி, முன்கூடம் 16, முதல் அறை 10, இரண்டாவது அறை 9, சமையலும் குளியலும் சேர்த்து 12. அறைகளின் ஓரமாக மூன்றடி நடை. முதல் அறை உங்கள் இருவருக்கும், இரண்டாவது மாமியாருக்கும் மகளுக்கும். வயதானவர் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்தாலும் குளியலறை நாலு எட்டில் இருக்க வேண்டும். பையன் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கட்டும். அந்த வயதில் அதுதான் அவனுக்குக் கொண்டாட்டம்.

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றே ஒன்று. அறைத் தடுப்பை உத்தரம்வரை ஏற்றாதீர்கள். தரையிலிருந்து ஏழடியோடு நிறுத்துங்கள். மேலே உள்ள மூன்றடியைத் திறந்தே விடுங்கள், மனசு கேட்காவிட்டால் மரச்சட்டத்தில் கம்பி அழி வையுங்கள். நம் ஊர் வீடுகளில் காற்று வருவது முன்னால், போவது பின்னால். பக்கவாட்டில் அடுத்த வீட்டுச் சுவர். நடுவில் பலகையை ஏற்றி அடைத்தால் அந்த 50 அடியும் ஒரு குழாய்க்குத் தக்கை போட்ட மாதிரிதான். ஏப்ரல் மாதம் கரண்ட் போன ராத்திரியில் அடைத்த அறைக்குள் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் கேட்கும், உண்மைதான். மாமியார் இருமுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், காற்று முக்கியம்.

வீட்டுக்காரர் காட்டும் ஜிப்சம் சீலிங்கை நான் வேண்டாம் என்பதற்கும் காரணம் இதே. மேலே போகும் சூடான காற்றுக்கு இருக்கிற ஒரே இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் பலகை ஊறி, உப்பி, கறை படியும். எலிக்கு மாடிவீடு கட்டிக் கொடுத்த புண்ணியம் தனி. நடைக்கு மேலே நீளமாகப் பரண் போடலாம் என்று தச்சர் கட்டாயம் சொல்வார். அதுவும் காற்றுப் பாதைதான். பரணைக் குளியலறை மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பாத்திரங்களுக்கும் பெட்டிகளுக்கும் அது போதும். போதவில்லை என்றால் பாத்திரங்களைக் குறைக்க வேண்டும், பரணைக் கூட்டக் கூடாது.

தடுப்பு எதில் செய்வது? சட்டத்துக்குப் பழைய தேக்கு தேடுங்கள். இடிக்கிற பழைய வீடுகளில் இருந்து வரும் கதவு, ஜன்னல் சட்டங்களை வாங்கி இழைத்தால் புதுத் தேக்கைவிட மலிவு. காய்ந்து முடிந்த மரம் என்பதால் முறுக்காது. நடுவே பின்னிய மூங்கில் தட்டி வைத்து மேலே வார்னிஷ் அடியுங்கள். விளக்குப் போட்டால் தட்டியின் பின்னல் நிழல் சுவரில் விழும் பாருங்கள், அந்த அழகு எந்த வால்பேப்பரிலும் வராது. ஆனால் மூங்கில் வாங்கும்போது போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆறே மாதத்தில் தட்டியடியில் மாவு கொட்டும், அது உளுப்பு. கதவு திறந்து மூடுகிற கதவாக வேண்டாம், இழுவைக் கதவு வையுங்கள். மூன்றடி நடையில் கதவு திறந்தால் ஆள் போக வழியில்லை.

மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை அலமாரியைப் பற்றி எனக்கு ஒரு வெட்கக் கதை உண்டு. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி, சுவரோடு சுவராக அழகாக ஓர் அலமாரி அடித்துக் கொடுத்தேன். ஆவணி பிறக்கும்முன் அடிப்பலகை ஊறிய அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. உள்ளே அந்த அம்மாவின் பட்டுப்புடவைகள், மடிப்பு மடிப்பாகப் பூசணம். அன்றிலிருந்து வெளிச்சுவரில் எந்த அலமாரி வைத்தாலும் சுவருக்கும் அதற்கும் நடுவே மூன்று அங்குலம், தரைக்கும் அதற்கும் நடுவே நாலு அங்குலம் இடைவெளி விடாமல் நான் வைப்பதில்லை. உயரமான அலமாரி என்றால் மேலே இரண்டு இரும்புக் கொக்கி போட்டுச் சுவரோடு பிணைத்தும் விடுங்கள். 2025 மார்ச் 28 அன்று வடக்கே சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் குலுங்கியபோது நாமும் இங்கே தெருவுக்கு ஓடி வந்தோமே, நினைவிருக்கும். கட்டில் தலைமாட்டுக்கு மேலே கண்ணாடி போட்ட படமும் வேண்டாம்.

இப்போது அந்த ஓதச் சுவர். நகர நடுவே எண் போட்ட தெருக்கள் எல்லாம் தெற்கு வடக்காக ஓடுகின்றன, அதனால் வீடுகள் கிழக்கே பார்க்கும் அல்லது மேற்கே பார்க்கும். உங்களுடையது மேற்கு. மே நடுவில் இருந்து அக்டோபர்வரை தென்மேற்குக் காற்று மழையை நேராக உங்கள் முன்சுவரில்தான் அடிக்கும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாள் வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது: வெளியே விரிசல் இருக்கலாம், பால்கனித் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம். தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நின்றால் அது வீட்டுக் காற்றின் ஈரம், காற்றோட்டம் கொடுத்தால் தீரும். விரிசலை அடைக்காமல் உள்ளே எண்ணெய்ச் சாயம் அடித்தால் அடுத்த மழைக்குக் கொப்புளம் கட்டும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, டிசம்பர், ஜனவரியில் பூசுங்கள். மழைக்கு முன் அவசரமாக முடிப்பதைவிட ஒரு மழையை அப்படியே கடந்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு பூசுவது மேல்.

முன்சுவருக்கு என்னைக் கேட்டால் சுண்ணாம்புதான். சுவர் மூச்சு விடும், காரம் இருப்பதால் பூசணம் எளிதில் பிடிக்காது. பழைய எமல்ஷனைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், அதன்மேல் சுண்ணாம்பு ஒட்டாது. இப்போதிருக்கும் பூசணத்தைத் துடைக்க பிளீச் கலந்த தண்ணீர் போதும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். அதோடு கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ கலந்துவிடாதீர்கள், எழும் வாயு நெஞ்சை அடைக்கும்.

மற்றச் சுவர்களுக்கு மோர் நிறம், மேல்தளத்துக்குச் சுத்த வெள்ளை. அழுத்தமான நிறம் ஆசையாக இருந்தால் ஒரே ஒரு சுவருக்கு, அதுவும் முன்கூடத்தில். வெளிச்சக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பக்கச் சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடி வைத்தால் இன்னும் நாலைந்து அடிக்கு வெளிச்சம் எட்டும். மேற்கு வெயிலுக்குத் திரைச்சீலை மட்டும் போதாது. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு உள்ளேயேதான் நிற்கும். பால்கனியின் வெளி விளிம்பில் மூங்கில் சுருள்தட்டி தொங்கவிடுங்கள், மூன்று மணிக்கு இறக்கி ஆறு மணிக்குச் சுருட்டலாம்.

சோபா விஷயத்தில் உங்கள் படிக்கட்டை அளந்தீர்களா? திருப்பத்தில் எல் வடிவ சோபா திரும்பாது. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றலாம், ஏற்றிய பிறகு கூடத்தில் பாதியை அது தின்றுவிடும். அதற்குப் பதில் பிரம்பு நாற்காலி இரண்டு, அடியில் பெட்டி வைத்த ஒரு நீளப் பலகை பெஞ்சு, தரைக்குப் பந்தனோ ஊர்ப் பாய். வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும். விருந்தாளி வந்தால் உட்கார, பையன் படுக்க, அமாவாசைக்கு இலை போட எல்லாவற்றுக்கும் அதுவே. மகளின் மேசை ஜன்னலோரம், வலக்கைக்காரி என்றால் வெளிச்சம் இடப்பக்கமாக வரும்படி. பூஜை அலமாரி அதற்கு எதிர்ச் சுவரில். கற்பூரப் புகை படியும் பின்சுவருக்கு இரண்டடி பளபளப்பு ஓடு பதித்தால் துணியால் துடைத்துவிடலாம், திரைச்சீலை கைக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும். நம்மில் பலர் வீட்டில் முருகன் படத்தோடு புத்தருக்கும் ஒரு தட்டு உண்டு. அதைச் சற்று உயரத்தில் தனியாக அமையுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள், பிறகு சுவரை உடைக்க வேண்டாம். நாலு 9 வாட் எல்.இ.டி. பல்பு, 35 வாட் மட்டும் எடுக்கும் பி.எல்.டி.சி. என்ற புது வகை மின்விசிறி ஒன்று, இவற்றுக்கு மட்டும் தனி வயர் இழுத்து இன்வெர்ட்டரில் கொடுங்கள். மொத்தம் 71 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் உபயோகிக்க வேண்டும், அதாவது 600 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பது போக ஏழு மணி நேரம் ஓடும். பழைய 75 வாட் விசிறி என்றால் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். சார்ஜ் ஏறும்போது அந்த பேட்டரியில் இருந்து தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். அதனால் கட்டிலடியிலும் அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம். பால்கனியின் நனையாத மூலையில், இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டப் பெட்டிக்குள் வைத்து மேலே ஒரு துளசிச் செடி வையுங்கள்.

மணிக்கயிற்றில் நான் மாமியார் கட்சி. மூன்று மாடி இறங்கி ஏறாமல் பேப்பரும் பாலும் வருவது அதில்தான். அசிங்கமாகத் தெரிவது கயிறு அல்ல, அது துணிக்கொடிக்குக் குறுக்கே வருவது. பால்கனியின் இடது மூலைக்கு மாற்றி, ஒரு சின்னப் பித்தளைக் கப்பி போட்டு, பச்சை நைலானுக்குப் பதிலாக வெள்ளைப் பருத்திக் கயிறு கட்டுங்கள். மணியை மட்டும் மாற்ற வேண்டாம், பேப்பர் போடும் பையனுக்கு அந்தச் சத்தம் பழகியிருக்கும்.