ஜெர்மனியின் கெவலார் ஊர்ப் பசிலிக்காவில் மாதா படம் எங்கே?

உள்ளே ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள், கிடைக்காது, ஏனென்றால் படம் பசிலிக்காவில் இல்லை. அதே சதுக்கத்தில் 1654இல் கட்டிய அறுகோணச் சிற்றாலயம் இருக்கிறதே, அதற்குள் இருக்கிறது.

பசிலிக்காவின் 90 மீட்டர் கோபுரத்தைப் பார்த்ததும் எல்லாரும் நேரே அங்கேதான் போவார்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பசிலிக்கா 1864இல் முடிந்தது, யாத்திரை தொடங்கியதோ 1642இல், அதாவது பசிலிக்காவுக்கு வெகு முன்பே படம் இங்கே வந்துவிட்டது.

அடுத்த முறை சிற்றாலயத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஒரு சாளரம் வழியாகவே தெரியும். பெரிய ஓவியத்தைத் தேடாதீர்கள், அது உள்ளங்கையளவுக் காகிதம், சுற்றிலும் மின்னும் காணிக்கை நகைகளில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அப்புறம், ஆகஸ்டில் தமிழர் யாத்திரை நாளன்று போனால் நெரிசலில் கிட்டப் போவதே கஷ்டம். நிதானமாகப் பார்க்க வேறு நாள் பாருங்கள்.