3 மீட்டர் காற்றடைத்த ரப்பர் படகுக்கு எந்த நங்கூரம் சரி? போட்டாலும் படகு நகர்ந்துகொண்டே போகிறதே, ஏன்?

பெரும்பாலும் கோளாறு நங்கூரத்தில் இல்லை, கயிற்றின் நீளத்தில்தான். சிறிய நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை. கிடையாக இழுபட்டால்தான் அதன் அலகு (தரையைக் குத்திப் பிடிக்கும் பகுதி) தரையில் புதையும். கயிறு குட்டையென்றால் ஒவ்வொரு அலையும் அதைப் பிடுங்கிவிடும். தண்ணீரின் ஆழத்தோடு, தண்ணீருக்கு மேல் படகு முன்முனையின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல 5 மடங்கு கயிறு விடுங்கள். காற்று பலமென்றால் 7. ஆழம் 3 மீட்டர், முனை அரை மீட்டர் என்றால் 17.5 மீட்டர். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே 1.5 மீட்டர் சங்கிலி இருந்தால் இழுப்பு தாழ்வாக இருக்கும். கல்லில் உரசிக் கயிறு அறுவதும் குறையும். 8 மி.மீ. நைலான் கயிறு தாராளம்.

பலரும் வாங்கும் மடக்கு நாலுகொக்கி நங்கூரம் பாறையில் நன்றாக மாட்டும் (சில சமயம் திரும்பி வராத அளவுக்கு), மணலில் உழுதுகொண்டே வரும். மணலுக்குத் தட்டை அலகு கொண்டதே நல்லது. கூர்முனை ரப்பரைக் கிழிக்காமலிருக்க வாளியில் வையுங்கள்.

வீசாமல், முன்முனையிலிருந்து மெல்ல இறக்குங்கள். பின்பக்கம் கட்டவே கூடாது. மோட்டார் எடையில் தாழ்ந்த அந்தப் பக்கமாக அலை உள்ளே ஏறும். கடைசியாக, இறுகிய கயிற்றில் விரல் வைத்துப் பாருங்கள். கடகடவென அதிர்ந்தால் நங்கூரம் இன்னும் பிடிக்கவில்லை.