நர்சிங் சேர்க்கை: அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் குமரி மாவட்டப் பெற்றோருக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே குமரி மாவட்ட வீடுகளில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "சீட்டு தீர்ந்துபோகும், பத்தாயிரம் கட்டிப் பதிந்து வையுங்கள்" என்பார்கள் தனியார் கல்லூரிக்காரர்கள். பயந்துபோய் அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டிவிடுகிறார். கூடவே மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் கல்லூரி அலமாரிக்குள் போய்விடுகின்றன. நர்சிங் படிப்புக்குத் தேவையில்லாமல் லட்சக்கணக்கில் செலவாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு மாதம் கழித்து அரசு ஒதுக்கீட்டில் குறைந்த கட்டணத்துக்கு இடம் வரலாம். அப்போது கையில் ஒரிஜினல் இருக்காது, கட்டிய பணமும் திரும்பாது.

அதனால் முதல் வேலை சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது. பி.எஸ்சி நர்சிங்குக்கு ஒரு விண்ணப்பம், அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளிகளின் மூன்றாண்டு டிப்ளமோவுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. பி.எஸ்சிக்கு மட்டும் போட்டுவிட்டு டிப்ளமோ அறிவிப்பைக் கவனிக்காமல் விடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி நர்சிங் சேர்க்கைக்கு நீட் கேட்பதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க் போடுகிறார்கள். யாராவது நீட் கோச்சிங் என்று சொல்லி உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அரசுக் கல்லூரிகள் சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி என்று தூரத்தில் இருக்கின்றன. இவற்றில் நமக்குக் கிட்ட இருக்கும் மதுரையே சுமார் 240 கிலோமீட்டர். அதற்காக விருப்பப் பட்டியலில் அவற்றை விட்டுவிடாதீர்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்தோடு வெளியூர் ஹாஸ்டலைச் சேர்த்தாலும், வீட்டுப் பக்கத்துத் தனியார் கல்லூரி நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மென்ட் இடத்தைவிடக் குறைவாகவே வரும். அடுத்த வரிசையில் தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களை வையுங்கள். அதே வகுப்பு, அதே பெஞ்சுதான். ஆனால் கவுன்சிலிங் வழியாக வந்த பிள்ளைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், நேராகப் போய்ச் சேர்ந்த பிள்ளைக்குக் கல்லூரி சொல்லும் கட்டணம்.

"டிப்ளமோ போதுமா, பி.எஸ்சியே வேண்டுமா" என்று கேட்காத பெற்றோர் இல்லை. கையில் பணம் குறைவென்றால் அரசு டிப்ளமோ கிடைப்பது பெரிய வாய்ப்பு, அதைத் தாழ்வாக நினைக்கவே வேண்டாம். தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் செவிலியர் தேர்வை இரண்டு படிப்பினரும் எழுதலாம். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வுக்கும் வரலாம், டிப்ளமோ படித்தவர் 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும் என்பதுதான் வித்தியாசம். வேலை பார்த்துக் கொஞ்சம் பணம் சேர்த்த பிறகு, இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்துப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். வெளிநாடுதான் குறி என்றால் மட்டும் பி.எஸ்சிக்கு எடை கூடுகிறது. வளைகுடாவில் பல வேலைகளுக்குப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். ஆனால் அதற்காக மேனேஜ்மென்ட் பி.எஸ்சிக்குக் கடன் வாங்குவதைவிட, அரசு டிப்ளமோவில் தொடங்கி மேலே படிப்பதே கடன் சுமை இல்லாத வழி.

இன்னொரு வகைப் படிப்பும் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும்: ஓராண்டு நர்சிங் அசிஸ்டன்ட், ஹெல்த் கேர் டிப்ளமோ என்று. கட்டணம் குறைவுதான். ஆனால் அதை முடித்தவரைத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் செவிலியராகப் பதிவு செய்யாது. பதிவு எண் இல்லாதவர் எத்தனை வருடம் வார்டில் நின்றாலும் உதவியாளர்தான், அரசுச் செவிலியர் தேர்வும் எழுத முடியாது. குறைந்த செலவு என்று நம்பி இதில் சேர்ந்து, பிறகு மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. எந்தக் கல்லூரியானாலும் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் மாநிலக் கவுன்சில் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா, உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கும் சேரும் படிப்புக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்சி என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில் டிப்ளமோவுக்கு அனுமதி இருந்து பி.எஸ்சிக்கு இல்லாமலும் இருக்கலாம்.

இனி கணக்கு. கல்லூரியில் "வருசத்துக்கு அறுபதாயிரம்" என்பார்கள். அது டியூஷன் ஃபீஸ் மட்டும். ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஹாஸ்டலும் மெஸ்ஸும் மாதம் 5,000 என்று வைத்தாலும் பதினொரு மாதத்துக்கு 55,000. யூனிஃபார்ம், ஷூ, ரெக்கார்டு நோட்டு, புத்தகம் எல்லாமாக முதல் வருடம் 12,000. தேர்வுக் கட்டணம், பயிற்சிக்கு வெளியே அழைத்துப் போகும் வேன் செலவு என 8,000. முதல் வருடமே 1,35,000 ஆகிவிட்டது. நான்கு வருடத்தில் டியூஷன் 2,40,000 என்றால் ஹாஸ்டல் மட்டும் 2,20,000, அதாவது படிப்புக்குக் கட்டும் அளவுக்கே தங்குவதற்கும் கட்டுகிறோம்.

எனவே ஹாஸ்டல் கட்டாயமா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நாகர்கோவில், சுங்கான்கடை, நெய்யூர், குழித்துறை, குலசேகரம் என்று மாவட்டத்துக்குள்ளேயே கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து போய்வர அனுமதித்தால், டியூஷன் பத்தாயிரம் கூடுதலான கல்லூரிகூடக் கடைசியில் செலவு குறைவாக வரும். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காலை வார்டு டியூட்டி ஏழு, ஏழரைக்குத் தொடங்கும். உங்கள் ஊர் முதல் பஸ் எத்தனை மணிக்கு, இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்துக்கொண்டு கல்லூரியில் கேளுங்கள். நைட் டியூட்டி வாரங்களில் மட்டும் ஹாஸ்டலில் தங்க வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல், வருட வாரியான கட்டண விவரத்தைக் கல்லூரி லெட்டர் ஹெட்டில் சீல் வைத்து வாங்குங்கள். வங்கிக் கடனுக்கும் அந்தத் தாள்தான் தேவைப்படும்.

கல்லூரிக் கட்டடத்தைவிட மருத்துவமனையைப் பாருங்கள். நர்சிங் கல்லூரிக்குத் தாய் மருத்துவமனையாகக் குறைந்தது 100 படுக்கை வேண்டும் என்பது விதி. படுக்கை இருந்தால் போதாது, நோயாளி இருக்க வேண்டும். ஒரு சாதாரண நாள் காலை பத்து மணிக்கு வார்டு பக்கம் நடந்து பாருங்கள். மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது என்று கேளுங்கள். பிரசவம் குறைவான இடத்தில் மாணவிகள் தாங்கள் பார்த்த பிரசவங்களைப் பதியும் கேஸ் புத்தகத்தை நிரப்ப மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்த் தங்கிச் செலவு செய்கிறார்கள். பட்டம் கிடைக்க வார்டுப் பயிற்சி வருகை 100 விழுக்காடு வேண்டும். விட்ட நாளையெல்லாம் பின்னால் நின்று கொடுத்தாக வேண்டும்.

உதவித்தொகைகளை ஒன்றுவிடாமல் கேளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். டிப்ளமோவுக்கும் உண்டு. மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். பி.சி., எம்.பி.சி., ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு வருமானச் சான்று முக்கியம். கிறிஸ்தவ ஆதிதிராவிடர் குடும்பங்கள் "நமக்குக் கிடையாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள், மாநில அரசு உதவித்தொகையில் அவர்களுக்கும் இடம் உண்டு. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி, கவுன்சிலிங் விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். மேனேஜ்மென்ட் இடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலோ மீனவர் நல வாரியத்திலோ இருந்தால் அங்கும் கல்வி உதவி கேட்கலாம், கார்டு புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் ரப்பர் வாரிய அலுவலகத்தில் கல்வி உதவி கேட்கலாம்.

அப்படியும் குறைந்தால் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, செலவில் ஒரு பங்கை நம் கையிலிருந்து போடச் சொல்லவும் கூடாது. வருடத்துக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம், 10 விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு நான்கு வருடம், வேலை தேட ஒரு வருடம் முடியும்போது முதல் லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000 என்று வட்டி மட்டும் 1,40,000 ஏறியிருக்கும். 5,40,000 கடனைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். எம்.ஆர்.பி. வழியாக எடுக்கப்படும் செவிலியரும் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்கிறார். அதன்பின் நிரந்தரமாக ஆண்டுகள் ஆகலாம். தனியார் மருத்துவமனைத் தொடக்கச் சம்பளத்தை அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரப் பெண்ணிடமே கேட்டுப் பாருங்கள். அந்தச் சம்பளத்தில் தவணை கட்டி மீதியில் உங்கள் பிள்ளை வாழ முடியுமா என்பதுதான் கடனின் எல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் உண்டு. அதற்குக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்க வேண்டும், வருமானச் சான்றைக் கடன் போடும்போதே கொடுத்துப் பதியச் சொல்ல வேண்டும். இந்தச் சலுகை கிடைத்தால் மாதத் தவணை 5,290 அளவுக்கு இறங்கும். மேனேஜ்மென்ட் இடத்துக்கு வங்கிகள் தயங்குவதால், கடன் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி முதலில் சேர்ந்துவிடாதீர்கள்.

எல்லைப் பக்கக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். பிள்ளை கேரளப் பள்ளியில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்பார்கள், கேரள வாரியத்தில் பிளஸ் டூ முடித்திருந்தால் தகுதிச் சான்றும் தேவைப்படும். இவை கைக்கு வர நாளாகும், கவுன்சிலிங் அதற்காகக் காத்திருக்காது. பெங்களூருக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, ரசீது யார் பெயரில் என்று கேளுங்கள். ரசீது கல்லூரி பெயரில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். கர்நாடகத்தில் பதிவு செய்தவர் இங்கே அரசு வேலைக்கு வர, தமிழ்நாடு கவுன்சிலிலும் மறுபடி பதிய வேண்டும்.

பணம் கட்டும் முன் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் வருடம் பாதியில் நிறுத்தினால், மீதி வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்று சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன. சொந்தத்தில் யாராவது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், இரண்டு ராத்திரி உங்கள் பிள்ளையைத் துணைக்கு இருக்கச் சொல்லுங்கள். ரத்தம், சீழ், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடும் நோயாளி, நின்றுகொண்டே சாப்பிடும் சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தும் "போகிறேன்" என்றால் அன்றைக்கே இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள்.